டிசைன்னா அழகு பண்றதா? குடத்துல ஆரம்பிச்சு ஓட்டு மெஷின் வரைக்கும் ஒரு எளிய விளக்கம்

"எல்லா வேலையும் முடிஞ்சிடுச்சுங்க, கடைசியா கொஞ்சம் டிசைன் மட்டும் பண்ணிக் குடுத்துடுங்க." இந்தத் தொழில்ல இருக்கற யாரைக் கேட்டாலும் இந்த வரி காதுல விழுந்திருக்கும், நானும் நிறைய தடவை கேட்டிருக்கேன். சொல்றவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல, ஏன்னா நம்ம பேச்சுல அந்த வார்த்தை அப்படித்தான் புழங்குது, புடவை டிசைன், கோல டிசைன், வளையல் டிசைன், வீட்டு எலிவேஷன் டிசைன், கல்யாணப் பத்திரிகை டிசைன்னு எல்லாமே மேல போடற பூ வேலை. அதனால ஒரு பொருள் முழுசா செஞ்சு முடிச்சப்புறம் அதுக்கு பவுடர் பூசி பொட்டு வைக்கறதுதான் டிசைன்னு ஒரு நெனப்பு படிஞ்சு போச்சு.

ஆனா இதே தமிழ்ல இன்னொரு பேச்சும் இருக்கு பாருங்க. ஒருத்தர் எப்பவும் ஒரே மாதிரி நடந்துக்கிட்டா "விடு, அவன் டிசைனே அப்படித்தான்"னு சொல்லுவோம். அங்க நாம அவர் சட்டையையோ தலை வாரினதையோ சொல்லல, அவர் உள்ளுக்குள்ள எப்படி அமைஞ்சிருக்காரு, ஒரு விஷயம் வந்தா அவர் எப்படி நடந்துக்குவாருங்கறதைச் சொல்றோம். என்னைக் கேட்டா டிசைன்ங்கற தொழிலுக்கு இந்த பேச்சு வழக்கு அர்த்தம்தான் ரொம்ப கிட்ட வருது. ஒரு பொருள் யார் கைல போய் எப்படி நடந்துக்கணும்னு முன்கூட்டியே யோசிச்சு அமைக்கறதுதான் டிசைன், அழகு அதுல ஒரு பங்கு, ஆனா அதுவே முழுசு கிடையாது.

இதை நம்ம நாட்டு உதாரணங்களை வச்சே விளக்கிப் பாக்கலாம்னு தோணுச்சு, ஏன்னா டிசைன் பத்தி பேசினாலே ஐபோன்ல ஆரம்பிச்சு ஐபோன்ல முடிக்கறோம், அதைவிட நல்ல உதாரணங்கள் நம்ம கண்ணு முன்னாடியே இருக்கு.

முதல்ல ஒரு குடம்

தண்ணிக் குடத்தை மனசுல கொண்டு வாங்க. கீழ நல்லா பருத்த வயிறு, மேல ஒடுங்கின கழுத்து, அதுக்கு மேல வெளிப்பக்கமா மடிஞ்ச வாய். ஏன் இந்த உருவம்? நேரா ஒரு பக்கெட் மாதிரி இருந்தா ஆகாதா?

இடுப்புல வச்சுப் பாருங்க, புரிஞ்சிடும். பருத்த வயிறு இடுப்பு வளைவுக்கு மேல உக்காருது, கை அந்த ஒடுங்கின கழுத்தைச் சுத்தி வளைச்சுப் பிடிச்சுக்குது, வாய் சின்னதா இருக்கறதால நடக்கறப்ப தண்ணி அலம்பி வெளிய சிந்தறது குறையுது. கிணத்துல இறக்கணும்னா கழுத்துல கயிறு சுருக்கு போட்டா அந்த மடிஞ்ச விளிம்புக்குக் கீழ கயிறு நிக்கும், நழுவாது. ஊத்தறப்ப அதே விளிம்பு தண்ணியை ஒழுங்கா வெளிய விடும். அந்தக் கழுத்து அழகா இருக்குதான், ஆனா அது அங்க இருக்கறதுக்கு ஒரு வேலை இருக்கு.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, மண்ணு போயி பித்தளை வந்துச்சு, பித்தளை போயி எவர்சில்வர் வந்துச்சு, அப்புறம் பிளாஸ்டிக் வந்துச்சு, செய்யற முறை தலைகீழா மாறிடுச்சு, பிளாஸ்டிக்ல எந்த உருவம் வேணாலும் வார்க்கலாம், சதுரமாக் கூட வார்க்கலாம், ஆனாலும் சென்னைல தண்ணி லாரி முன்னாடி வரிசைல நிக்கற பிளாஸ்டிக் குடம் பழைய பித்தளைக் குடத்தோட உருவத்துலயேதான் இருக்கு. பொருள் மாறினாலும் இடுப்பு மாறலையே. புதுசா வந்தது கலர் மட்டும்தான், அதுவும் வரிசைல நம்ம குடம் எதுன்னு தூரத்துல இருந்தே கண்டுபிடிக்க உதவுது.

அப்ப டிசைன்னா என்னன்னு முதல் பதில் கிடைச்சிடுச்சு: ஒரு பொருளோட உருவம், அளவு, எடை, பிடி இதெல்லாம் யாரு, எங்க, எப்படிப் பயன்படுத்தறாங்கங்கறதுல இருந்து வர்ற முடிவு. குடத்துக்கு அந்த முடிவுகளை யாரோ ஒருத்தர் உக்காந்து எடுக்கல, தலைமுறை தலைமுறையா குயவரும் பாத்திரம் செய்யற கன்னாரும் தண்ணி தூக்கின பொம்பளைங்களும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி எடுத்தாங்க.

இதே கேள்விலதான் நம்ம நாட்டு டிசைன் படிப்பு ஆரம்பிச்சது

குடத்துல நாம இப்ப கேட்ட கேள்வி சும்மா கற்பனை இல்ல. சுதந்திரம் வாங்கி பத்து வருஷம் ஆன சமயம், தொழிற்சாலைகள் வேகமா வந்துக்கிட்டு இருந்துச்சு, இந்த நாட்டுக்கு டிசைன் பயிற்சின்னு ஒண்ணு வேணுமா, வேணும்னா எப்படி இருக்கணும்னு இந்திய அரசாங்கம் அமெரிக்காவுல இருந்து சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்ங்கற கணவன் மனைவி டிசைனர்களைக் கூப்பிட்டு கேட்டுச்சு. அவங்க நாட்டைச் சுத்திப் பாத்துட்டு 1958ல ஒரு ரிப்போர்ட் குடுத்தாங்க. வெளிநாட்டுல இருந்து வந்தவங்க, அவங்க ஊர் நாற்காலியையும் ரேடியோவையும் காட்டி இப்படி செய்யுங்கன்னு சொல்லியிருக்கலாம், ஆனா அந்த ரிப்போர்ட்ல அவங்க கொண்டாடினது வடக்க லோட்டான்னு சொல்ற சொம்பை. நாங்க இந்தியாவுல பாத்ததுலயே பெரிய பொருள் இதுதான்னு சொல்ற அளவுக்குப் போனாங்க.

அதோட நிறுத்தல, ஒரு சொம்பை புதுசா டிசைன் பண்ணணும்னா என்னென்ன யோசிக்கணும்னு ஒரு பட்டியலும் போட்டாங்க. எவ்வளவு தண்ணி பிடிக்கணும், பிடிக்கற கை எவ்வளவு பெருசு, எவ்வளவு பலம், தலைலயா இடுப்புலயா கைலயா எதுல தூக்கறாங்க, காலியா இருக்கறப்ப எடை எப்படி நிக்குது, ஊத்தறப்ப எப்படி மாறுது, கழுவ சுலபமா, என்ன விலை ஆகும், உடைஞ்சா அந்த உலோகத்தைத் திரும்ப உருக்கலாமா, இப்படிப் போகுது. அதுல எங்கயும் "என்ன பூ வரையலாம்"னு தொடங்கல.

அந்த ரிப்போர்ட்டைத் தொடர்ந்து 1961ல அகமதாபாத்ல தேசிய டிசைன் கழகம் வந்துச்சு, எல்லாரும் என்ஐடின்னு சொல்றது அதைத்தான், கௌதம் சாராபாய், கிரா சாராபாய்ங்கற அண்ணன் தங்கச்சிதான் அதைத் தூக்கி நிறுத்தினாங்க. 1969ல மும்பை ஐஐடிக்குள்ள ஐடிசின்னு சொல்ற தொழில் டிசைன் மையம் ஆரம்பிச்சாங்க, சுதாகர் நட்கர்ணி அதுக்கு அடித்தளம் போட்டவர். இந்த ரெண்டு இடத்துப் பேரும் கீழ திரும்பத் திரும்ப வரும், ஏன்னா நாம தினம் பாக்கற நிறைய விஷயம் அங்க இருந்து வந்ததுதான்.

கால் இல்லாதவருக்கு ஒரு கால்: கேக்கறதுக்கு முன்னாடி செய்யாதே

இப்ப நிஜமான முறைக்குள்ள போலாம். முதல்ல ரெண்டு வார்த்தை தெரிஞ்சுக்கணும்.

ஒண்ணு யூசர் ரிசர்ச். பயன்படுத்தப் போறவங்க எப்படி வாழறாங்கன்னு நேர்ல போயி பாத்து கேட்டு தெரிஞ்சுக்கறது, அவ்வளவுதான். ரெண்டாவது கன்ஸ்ட்ரெய்ன்ட், அதாவது நம்மால மாத்த முடியாத நிபந்தனை, பணம், இடம், வெயில், கரண்டு இல்லாதது, படிக்கத் தெரியாதது இந்த மாதிரி. புதுசா வர்றவங்க கன்ஸ்ட்ரெய்ன்டை தொல்லைன்னு நெனைப்பாங்க, ஆனா பல நேரத்துல அதுதான் பொருளுக்கு உருவமே குடுக்குது.

இதுக்கு ஜெய்ப்பூர் கால் கதையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1960கள்ல கால் போனவங்களுக்குக் குடுத்த செயற்கைக் கால் மேல்நாட்டு வாழ்க்கைக்கு ஏத்தது, கணுக்கால் அசையாது, மேல ஷூ போட்டே ஆகணும். மேசை நாற்காலில உக்காந்து, ஷூ போட்டு, சமமான ரோட்டுல நடக்கறவருக்கு அது சரியான பொருள். நம்ம விவசாயிக்கு? தரைல சம்மணம் போட்டு உக்காரணும், குத்த வச்சு உக்காரணும், வீட்டுக்குள்ளயும் கோயிலுக்குள்ளயும் செருப்பு போட முடியாது, வயல் சேத்துல வெறுங்காலோட இறங்கணும். அந்தக் கால் இதுல ஒண்ணையும் செய்யல, அதனால பல பேரு வீட்டுக்குப் போனதும் கழட்டி மூலைல வச்சுட்டு திரும்ப கட்டையை ஊனிக்கிட்டு நடந்தாங்க. பொருள்ல கோளாறு இல்ல, அதைச் செஞ்சவங்க மனசுல இருந்த ஆள் வேற, கடைசில போட்டுக்கிட்ட ஆள் வேற.

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரில ராம் சந்திர சர்மாங்கற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1968 வாக்குல சேர்ந்து இதை வேற மாதிரி யோசிச்சாங்க. சர்மா பெரிய படிப்பு படிச்சவர் இல்ல, சிற்ப வேலை, கைவேலை தெரிஞ்சவர், டாக்டருக்கு எலும்பும் மூட்டும் தெரியும். ரப்பர், ஸ்பான்ஞ், மரம், டயர்க் கடைல பண்ற மாதிரி ரப்பரைச் சூடாக்கி இறுக்கற வல்கனைஸ் வேலைன்னு உள்ளூர்ல கிடைக்கறதை வச்சே ஒரு கால் செஞ்சாங்க, பாக்க நிஜக் கால் மாதிரி விரலோட இருக்கும், கணுக்கால் பக்கம் வளையும், ஷூ தேவையில்ல, தண்ணில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது, விலையும் கம்மி. விபத்துல கால் இழந்த நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் அந்தக் காலோட திரும்ப மேடை ஏறி பரதம் ஆடினது நம்ம பல பேருக்கு நினைவு இருக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது, விரல் வச்சு நிஜக் கால் மாதிரி செஞ்சது "அழகுக்காகவா"ன்னு கேட்டா, ஆமா, அதுவும்தான். வெறுங்காலோட நடக்கற ஊர்ல ஒருத்தர் கால் தனியாத் தெரிஞ்சா அவர் வெளிய வரவே கூச்சப்படுவாரு, அப்ப அந்தத் தோற்றமும் ஒரு தேவை. டிசைன்ல அழகு வேண்டாம்னு யாரும் சொல்லல, அழகும் ஒரு ஆளோட தேவைல இருந்து வரணும்னுதான் சொல்றாங்க.

சுருக்கமா இதுவரைக்கும்: முதல் வேலை வரையறது கிடையாது, யாருக்குங்கறதைத் தெரிஞ்சுக்கறது. ரெண்டாவது, எதையெல்லாம் மாத்த முடியாதுன்னு தெரிஞ்சுக்கறது. இந்த ரெண்டும் சேர்ந்து எழுதி வைக்கற குறிப்புக்குத்தான் பிரீஃப்னு பேரு, பிரீஃப் தப்பா இருந்தா அதுக்கு மேல எவ்வளவு திறமையா செஞ்சாலும் தப்பான பொருள்தான் வரும்.

ஓட்டுப் போடறது: நூறு கோடி பேருக்கு ஒரு பட்டன்

இப்ப பெரிய உதாரணத்துக்கு வரேன், இதுல கொஞ்சம் நேரம் நிக்கலாம், ஏன்னா டிசைன்ல இருக்கற கிட்டத்தட்ட எல்லா விஷயமும் இதுக்குள்ள இருக்கு. ஓட்டு மெஷினை நம்பலாமாங்கறது தனி விவாதம், அதுக்குள்ள நான் போகல, அதோட உருவம் எப்படி முடிவாச்சுங்கறது மட்டும் பாக்கறோம்.

1951, 52ல நடந்த முதல் தேர்தல்ல ஏறக்குறைய 17 கோடி வாக்காளர்கள், நாட்டுல 100 பேர்ல 80 பேருக்கும் மேல எழுதப் படிக்கத் தெரியாது. இது ஒரு பெரிய கன்ஸ்ட்ரெய்ன்ட், அடுத்த வாரத்துக்குள்ள எல்லாருக்கும் படிக்கச் சொல்லிக் குடுக்க முடியாது. அதனால வந்ததுதான் சின்னம். அப்ப ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி ஓட்டுப் பெட்டி, அதுல அவர் சின்னம் ஒட்டியிருக்கும், சீட்டை அந்தப் பெட்டில போட்டா ஓட்டு. படிக்கவும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். சின்னம்னா என்னங்கறதையே நாம இப்ப கட்சிக் கண்ணோட பாத்துப் பழகிட்டோம், ஆனா அடிப்படைல அது ஒரு அருமையான டிசைன், ஏணி, சைக்கிள், பம்பரம்னு யாருக்கும் தெரிஞ்ச பொருள், கருப்பு வெள்ளைல கோட்டுப் படமா, சாதா பேப்பர்ல சின்ன அளவுல அச்சடிச்சாலும் கண்ணுக்கு உடனே பிடிபடற மாதிரி.

அப்புறம் எல்லாப் பேரும் ஒரே சீட்டுல வந்து, ரப்பர் ஸ்டாம்ப் குத்தற முறை வந்துச்சு. அந்த ஸ்டாம்ப் உருவத்தைக் கவனிச்சிருக்கீங்களா? குறுக்கும் நெடுக்குமா ஒரு பக்கமா சுத்தற அம்புக்குறி. வெறும் பெருக்கல் குறி போதாதா? போதாது. சீட்டை மடிக்கறப்ப ஈர மை எதிர்ப்பக்கம் ஒட்டிடும், அப்ப எண்றவருக்கு ரெண்டு வேட்பாளர் பேர்ல குறி இருக்கற மாதிரி தெரியும், ஓட்டு செல்லாமப் போயிடும். இந்த அம்புக்குறி ஒரு திசைல சுத்தறதால ஒட்டின மை கண்ணாடில பாத்த மாதிரி எதிர்த்திசைல சுத்தும், எது உண்மையா குத்தினது எது மடிச்சதுல ஒட்டினதுன்னு ஒரே பார்வைல தெரிஞ்சிடும். ஒரு சின்ன அம்பு நுனிக்குள்ள எவ்வளவு யோசனை பாருங்க.

பேப்பருக்கும் ஒரு எல்லை இருந்துச்சு, அதை நம்ம தமிழ்நாடே காட்டிக் குடுத்துச்சு. 1996 சட்டமன்றத் தேர்தல்ல மொடக்குறிச்சி தொகுதில விவசாயிகள் தங்களோட பிரச்சனையை யாரும் கேக்கலன்னு போராட்டமா மனு போட்டதுல 1,033 வேட்பாளர்கள் நின்னாங்க, ஓட்டுச் சீட்டை புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாப் போச்சு.

மெஷின் யோசனை அதுக்கும் ரொம்ப முன்னாடியே 1977லயே தேர்தல் ஆணையத்துல வந்திடுச்சு, 1979ல இசிஐஎல்ங்கற ஹைதராபாத் அரசு எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு ப்ரோட்டோடைப் செஞ்சாங்க. ப்ரோட்டோடைப்னா முழுப் பொருள் செய்யறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாக்க செய்யற மாதிரி, தையல்காரர் முழுசா தைக்கறதுக்கு முன்னாடி தற்காலிகமா தையல் போட்டு நம்மளை போட்டுப் பாக்கச் சொல்றாரே, அதே வேலைதான். பெங்களூர்ல இருக்கற இன்னொரு அரசு எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமான பிஇஎல்லும் இதுல சேர்ந்துச்சு, மெஷின் உருவத்தை அமைச்சதுல மும்பை ஐஐடி ஐடிசி பேராசிரியர்கள் ஏ.ஜி. ராவ், ரவி பூவையா ரெண்டு பேருக்கும் முக்கியப் பங்கு.

இப்ப அந்த மெஷினை கண்ணு முன்னாடி வச்சுப் பாருங்க. ஓட்டுப் போடற பெட்டில பழைய ஓட்டுச் சீட்டு அப்படியே இருக்கு, வரிசையா பேரு, சின்னம், பக்கத்துல ஒரு நீலப் பட்டன். வேணும்னா திரை வச்சு மெனு வச்சு செஞ்சிருக்கலாம், ஆனா ஏற்கனவே ஜனங்க மனசுல பதிஞ்ச சீட்டோட அமைப்பை மாத்தாம, ஸ்டாம்ப் குத்தற இடத்துல பட்டனை மட்டும் வச்சாங்க. பட்டன் மேல "அமுக்கவும்"னு எழுதவே தேவையில்ல, விரல் தானாப் போகும். ஒரு பொருளோட உருவமே கைக்கு என்ன செய்யணும்னு சொல்லிடறதை அஃபோர்டன்ஸ்னு சொல்லுவாங்க. கதவுல "தள்ளு", "இழு"ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அந்தக் கைப்பிடிக்கு இது வரலன்னு அர்த்தம்.

பட்டனை அமுக்கினதும் அந்தப் பேருக்கு நேரா சிவப்பு லைட்டு எரியுது, நீளமா ஒரு பீப் சத்தம் வருது. இதுக்குப் பேரு ஃபீட்பேக், நாம செஞ்ச காரியம் நடந்துச்சா இல்லையான்னு பொருள் நமக்குத் திருப்பிச் சொல்றது. லைட்டு ஓட்டுப் போட்டவருக்கு மட்டும் தெரியும், பீப் பூத்ல இருக்கற எல்லாருக்கும் கேக்கும், ஓட்டு விழுந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியணும், யாருக்குன்னு ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியணும். ரகசிய வாக்குங்கற சட்டத்தை ஒரு லைட்டும் ஒரு சத்தமும் பிரிச்சுக் காப்பாத்துது, எனக்கு இது ஒவ்வொரு தடவை நெனைக்கறப்பவும் ஆச்சரியமா இருக்கு.

அதிகாரி கிட்ட இருக்கற பெட்டி வேற. அவர் பட்டனை அமுக்கி விட்டாதான் அடுத்த ஓட்டு போட முடியும், ஒரு ஓட்டு விழுந்ததும் மெஷின் பூட்டிக்கும். பூத்தைக் கைப்பத்தி கட்டுக்கட்டா சீட்டு குத்தித் தள்ளின காலம் இருந்துச்சில்ல, இந்த மெஷின்ல எவ்வளவு வேகமா அமுக்கினாலும் நிமிஷத்துக்கு 5 ஓட்டுக்கு மேல விழாத மாதிரி அமைச்சாங்க. எத்தனை ஓட்டு பதிவாச்சுன்னு பாக்கற பட்டன் வெளிய இருக்கு, முடிவைக் காட்டற பட்டன் தனி மூடிக்குள்ள சீல் வச்சு இருக்கு. எது எப்ப யார் கைக்கு எட்டணும், எது எட்டவே கூடாதுங்கறதை மூடியும் சீலும் முடிவு பண்ணுது. கரண்டு இல்லாத மலைக் கிராமத்துக்கும் போகணும்ங்கறதால பேட்டரிலதான் ஓடும். பட்டன் பக்கத்துல பிரெய்ல் எண்ணும் இருக்கு, பார்வை இல்லாதவங்க தடவிப் பாத்து தாங்களே போடலாம்.

ஒரே தடவைல யாரும் சரியா செய்யறது இல்ல

இங்கதான் டிசைன் பத்தி இருக்கற அடுத்த தப்பான நெனப்பு. திடீர்னு ஒருத்தருக்கு ஐடியா மின்னல் மாதிரி வரும், வரைஞ்சு முடிச்சிடுவாருன்னு. உண்மைல செய்யறது, சோதிக்கறது, தப்பு கண்டுபிடிக்கறது, திருத்தறது, திரும்ப சோதிக்கறதுதான், இதை இட்டரேஷன்னு சொல்லுவாங்க, நம்ம பாஷைல சொன்னா திருத்தச் சுத்து.

ஓட்டு மெஷின் 1982ல கேரளாவுல பரவூர் தொகுதில 50 பூத்ல முதல் தடவையா இறங்குச்சு. சட்டத்துல மெஷினுக்கு இடமே இல்லையேன்னு சுப்ரீம் கோர்ட் 1984ல அந்தத் தேர்தலை ஏத்துக்கல, அப்புறம் சட்டத்தைத் திருத்தினாங்க, 1998ல மூணு மாநிலத்துல 16 தொகுதில சோதனை, 2001ல நம்ம தமிழ்நாடு உட்பட சில மாநிலங்கள்ல முழுசா, 2004ல நாடு முழுக்க 543 தொகுதி. முதல் மாதிரில இருந்து இதுக்கே 25 வருஷம். அதுக்கப்புறமும் நிக்கல, 2013ல யாருக்குப் போட்டோம்னு 7 நொடி சீட்டுல காட்டற விவிபேட் வந்துச்சு, ஒரே பேர்ல பல பேரு நின்னு குழப்பறதைத் தடுக்க 2015ல வேட்பாளர் போட்டோவும் சேர்த்தாங்க, அதே வருஷம் யாருக்கும் ஓட்டு இல்லன்னு சொல்ற நோட்டாவுக்கு ஒரு சின்னம் வந்துச்சு, ஓட்டுச் சீட்டு மேல கருப்புப் பெருக்கல் குறி, அதை வரைஞ்சது அகமதாபாத் என்ஐடி. நோட்டா 2013லயே வந்தாலும் படிக்கத் தெரியாதவங்களுக்கு அது எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்ங்கற குறை ரெண்டு வருஷம் கழிச்சுதான் தீர்ந்துச்சு.

மறுபடி சுருக்கமா: ஆளைத் தெரிஞ்சுக்கோ, நிபந்தனையைத் தெரிஞ்சுக்கோ, மாதிரி செய், ஆளுங்க கைல குடுத்துப் பாரு, திருத்து. உருவம் கைக்குச் சொல்லணும், பொருள் பதில் சொல்லணும். அடிப்படை இவ்வளவுதான், மீதி எல்லாம் அனுபவம்.

அப்ப லோகோ, எழுத்து, கலர் எல்லாம் டிசைன் இல்லையா?

அதுவும் டிசைன்தான், அதையும் இதே முறைலதான் பாக்கணும். ரூபாய் குறியை எடுத்துக்கலாம். மத்திய அரசு 2009ல போட்டி வைச்சுச்சு, 3,000க்கும் மேல வந்ததுல கடைசில தேர்வானது கள்ளக்குறிச்சிக்காரரான உதயகுமாரோடது, அப்ப அவர் மும்பை ஐஐடி ஐடிசில ஆராய்ச்சி மாணவர். 2010 ஜூலை 15 மத்திய அமைச்சரவை ஒப்புக்கிச்சு. தேவநாகரி ர எழுத்தும் ரோமன் ஆர் எழுத்தும் ஒரே கோட்டுல சேர்ற மாதிரி வரைஞ்சிருந்தாரு, மேல தேவநாகரில வர்ற தலைக்கோடும் இருக்கு. கைல எழுத ரெண்டு மூணு இழுப்பு போதும்.

பேப்பர்ல நாம அதைப் பாத்துக் கைதட்டினோம், ஆனா வேலை அப்பதான் பாதி. மளிகைக் கடை பில் மெஷின்ல வரணும், கம்ப்யூட்டர்ல டைப் பண்ண வரணும், எல்லா ஃபான்ட்லயும் மத்த எண்களோட உயரத்துக்கும் தடிமனுக்கும் பொருந்தி நிக்கணும். இதுக்கு யூனிகோடுல இடம் வேணும். யூனிகோட்னா உலகத்துல இருக்கற ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு நிரந்தர எண் குடுக்கற பட்டியல், அந்த எண் இருந்தாதான் என் போன்ல அடிச்சது உங்க போன்லயும் அதே எழுத்தா தெரியும். 2010 அக்டோபர்ல அந்த எண் கிடைச்சுது. அதுக்கு நடுவுல சில பேரு ஒரு தனி ஃபான்டை இறக்கி, கீபோர்டுல இருக்கற வேற ஒரு குறிக்குப் பதிலா ரூபாய் குறியைக் காட்ட வச்சாங்க, அவங்க கம்ப்யூட்டர்ல சரியாத் தெரியும், அதே ஃபைலை இன்னொருத்தருக்கு அனுப்பினா அங்க விலைக்கு முன்னாடி சம்பந்தமில்லாத ஒரு கீறல்தான் தெரியும். ஒரு குறி நல்லா வரைஞ்சா மட்டும் போதாது, அது போற வழியெல்லாம் சேர்த்துதான் டிசைன்னு அந்த சில மாசம் நல்லா கத்துக் குடுத்துச்சு.

குழப்பத்துக்கு சட்டமும் ஒரு காரணம்

இதைச் சொல்லாம விட்டா பாதி விளக்கம்தான். இந்தியாவுல டிசைன் சட்டம் 2000ன்னு ஒண்ணு இருக்கு, புதுசா ஒரு பாட்டிலோ சேரோ உருவாக்கினா அதைப் பதிவு பண்ணி முதல்ல 10 வருஷம், நீட்டிச்சா இன்னும் 5 வருஷம் உரிமை வாங்கலாம். ஆனா அந்தச் சட்டத்துக்கு டிசைன்னா உருவம், அமைப்பு, கோலம், கோடு, கலர், அதாவது கண்ணால மட்டும் பாத்து முடிவு பண்றது. பொருள் எப்படி வேலை செய்யுதுங்கறது அதுல வராது, அது புதுசா இருந்தா பேடன்ட்னு தனிச் சட்டம், அதுக்கு 20 வருஷம்.

சட்டத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லல, உரிமையைப் பிரிச்சுக் குடுக்க அவங்களுக்கு ஒரு எல்லைக்கோடு வேணும், கண்ணுக்குத் தெரியறது இந்தப் பக்கம், வேலை செய்யறது அந்தப் பக்கம்னு போட்டுக்கிட்டாங்க. ஆனா ஒரு சின்னத் தொழில் பண்றவர் டிசைன் பதிவு பண்ணிட்டேன், என் கண்டுபிடிப்பை இனி யாரும் காப்பி அடிக்க முடியாதுன்னு நம்பி இருந்துட்டாருன்னா நஷ்டம் அவருக்குத்தான். அவர் பதிஞ்சது வெளித்தோற்றம் மட்டும், அதே வேலை செய்யற பொருளை வேற உருவத்துல செஞ்சா அந்தப் பதிவு தடுக்காது. அதனால யாராவது டிசைன்னு சொன்னா பேச்சு எந்த அர்த்தத்துல ஓடுதுன்னு முதல்ல கேட்டுக்கறது நல்லது, மேல போடற பூ வேலையா, சட்டம் சொல்ற தோற்றமா, இல்ல நாம குடத்துல பாத்த அந்த முழு யோசனையா.

படிக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு

"எனக்கு நல்லா வரைய வரும், டிசைன் படிக்கலாமா", "எனக்கு வரையவே வராது, அப்ப முடியாதா" இந்த ரெண்டு கேள்வியும் பசங்க கிட்ட இருந்து அடிக்கடி வருது, ரெண்டுமே ஒரே தப்பு நெனப்புல இருந்து வருது. வரையறது மனசுல ஓடறதை மத்தவங்களுக்குக் காட்ட ஒரு வழி, அதைப் பழகிக்கலாம். 12வதுல சயின்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸ் எந்த க்ரூப் எடுத்திருந்தாலும் மும்பை ஐஐடி நடத்தற யூசீட் பரீட்சை எழுதலாம், அதை வச்சு சில ஐஐடிகள்ல பி.டெஸ்ங்கற டிசைன் பட்டப்படிப்புல சேரலாம். என்ஐடிக்கு டேட்னு தனிப் பரீட்சை, அகமதாபாத் மட்டும் இல்லாம ஆந்திரா, ஹரியானா, மத்தியப் பிரதேசம், அசாம்லயும் இப்ப என்ஐடி இருக்கு. நம்ம பக்கம் தரமணில ஃபேஷன் சொல்லிக் குடுக்கற நிஃப்ட் இருக்கு, மேலக்கோட்டையூர்ல இருக்கற ஐஐஐடிடிஎம் காஞ்சிபுரம் 2007ல இருந்து இன்ஜினியரிங்கோட டிசைனையும் சேர்த்து நடத்துது.

யூசீட்ல வரையற கேள்வி இருக்கு, ஆனா அதை விட நிறைய கேள்வி உருவத்தை மனசுல திருப்பிப் பாக்கறது, ஒரு பொருள் எப்படி இயங்கும்னு கண்டுபிடிக்கறது, கவனிக்கறது இந்த மாதிரிதான் வரும். அதுக்குப் பழகணும்னா இன்னைக்கே ஒரு வேலை செய்யலாம். வீட்டுல இருக்கற ஒரு பொருளை எடுங்க, டபராவும் டம்ளரும் நல்ல தேர்வு. டம்ளர் வாய்ல ஏன் வெளிய மடிஞ்ச விளிம்பு, சூடான காபியை எங்க பிடிக்கறோம், டபரா ஏன் அகலம், ஆத்தறப்ப எதுல இருந்து எதுக்கு ஊத்தறோம், கழுவறப்ப விரல் அடி வரைக்கும் போகுதான்னு ஒரு பக்கம் எழுதுங்க. அப்புறம் உங்க பாட்டி கிட்டயும் ஒரு சின்னக் குழந்தை கிட்டயும் அதே டம்ளரைக் குடுத்து எப்படிப் பிடிக்கறாங்கன்னு பாத்து, முதல்ல எழுதினதுல எதை எதை அடிக்க வேண்டி வருதுன்னு பாருங்க.